கேட்டு வாங்க வேண்டிய பரிசு

"அம்பதாவது பொறந்தநாளா? அப்போ பெருசா ஏதாவது குடுத்தாகணும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரன் ஒட்னியை ஒரு எவர்சில்வர் பானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பானைக்கு அடியில் குழாய், பக்கத்தில் சின்னத் திரை, திரையில் பச்சை எழுத்து. பார்லியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். சூடு ஏறுவதும் இறங்குவதும் கைபேசிக்கே வந்துவிடுமாம்.

"உங்க வீட்டுக்காரர் சோபாவுல சாஞ்சுக்கிட்டே பீர் காய்ச்சலாம்."

"சோபாவுலதான் சாஞ்சு கெடக்கான், கிறிஸ்துமஸ்ல இருந்து" என்றாள் ஒட்னி. "எழுப்பி விடுற மெஷின் ஏதாவது வச்சிருக்கியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவன் வெப்பமானி காட்டினான். அது போன வருஷமே வாங்கிக் கொடுத்தாயிற்று. அவள் புருஷன் ஹால்வர் அதை ஆட்டுக்கறி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க வைத்திருக்கிறான். பீர்க் கோப்பை படம் போட்ட பனியன் காட்டினான். அதுவும் வீட்டில் இருக்கிறது, லாரிக் கண்ணாடி துடைக்க. கடைசியில் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஈஸ்ட் பொட்டலம் எடுத்து நீட்டினான். மேலே கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட ஒருத்தன் படம்.

அந்தப் பொட்டலத்திலும் ஒன்றை வசந்த காலத்திலேயே வாங்கிப் போனவள் அவள். ஹால்வர் அதைக் கையில் வாங்கி, ரொம்ப நன்றி என்றான். மறுநாள் காலையில் அதைப் போட்டு ரொட்டி சுட்டிருந்தான். "நல்லா உப்பியிருக்கு பாரு" என்றான். அவ்வளவுதான்.

ஒட்னி வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

ஹால்வருக்குச் சாலைத்துறையில் வேலை. கோடையில் ஓடை வாருவது, பாறை சரிந்தால் அள்ளுவது, குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூட்ஸ் கழற்றக் குனிய முடியாமல் வாசல்படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒட்னிக்கும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நாள் முழுக்க நிற்கிற வேலைதான். குனிய மறுக்கிற முதுகு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பீர் காய்ச்சுகிற அன்று மட்டும் ஹால்வருக்கு முதுகே கிடையாது. விறகு சுமப்பான், தண்ணீர் சுமப்பான், செம்புக் கொப்பரைக்குள் தலையை விட்டுப் பாடுவான். கடைசியில் ஈஸ்ட்டைத் தொட்டியில் ஊற்றும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்துவான். ஈஸ்ட் போடும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தாமல் போட்ட பீர் தலைக்கு ஏறாது. பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான். ஒட்னி மட்டும் ஒவ்வொரு முறையும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள்.

போன கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிய பீர் புளித்துப் போனது. ஈஸ்ட் கெட்டுவிட்டது. அவன் அம்மா வழியில் வந்த ஈஸ்ட், ஆரஞ்சுப்பழ வாசனை அடிக்கும். உலர்த்தி வைத்திருந்த மிச்சத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தான்; அதுவும் அசையவில்லை. முழுத் தொட்டியையும் கொட்டகைக்குப் பின்னால் பனியில் ஊற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தவன்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவளையும் சொல்ல விடவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் ஈஸ்ட்டை யாரும் விற்பதில்லை, யாரும் விலைக்கு வாங்குவதில்லை. தயிருக்குப் பிரை கேட்பது போலப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒருவனுடையது கெட்டுப்போனால், முன்பு தன்னிடம் வாங்கிப்போனவன் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேட்பான். காய்ச்சுகிறவன் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஹால்வரிடம் வாங்கிப்போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேல்பண்ணைக் கிழவர். அவர் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் ஜாடிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். இன்னொருவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோர்லைவ்.

தோர்லைவோடு ஹால்வர் பேசி வருஷங்கள் ஆகின்றன. ஒரு முறை இவர்கள் கொட்டகையில், புதுப் பீர் ருசி பார்க்கக் கூடியிருந்த இடத்தில், தோர்லைவ் மரக்கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு ஹால்வர், கடைப் பீர் மாதிரி இருக்கு" என்றான். சொந்தமாகக் காய்ச்சுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஹால்வர் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தரையில் ஊற்றினான். அதோடு சரி. குளிர்காலத்தில் தோர்லைவ் வீட்டுப் பாதையில் பனி தள்ளப் போனாலும், லாரி அவனுடைய வெளிக்கதவு வரை போகும். ஒரு சாண் உள்ளே போகாது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஹால்வர் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னான்: "பொறந்தநாளுக்குக் கடையில இருந்து நாலு பெட்டி எறக்கிடலாம்."

"எதுல நாலு பெட்டி?"

"பீர்தான்."

இந்த ஊரில் ஐம்பது முடிகிற மனிதன் தன் விருந்துக்குத் தானே காய்ச்சுவான். கல்யாணத்துக்குக் காய்ச்சாதவன்கூட ஐம்பதுக்குக் காய்ச்சுவான்.

"தோர்லைவ்கிட்ட கேட்டா என்ன?" என்றாள் ஒட்னி.

"கடைப் பீர் கேக்கத்தான் கடை இருக்கே, அவன் எதுக்கு?" என்றான். கிழங்கை உப்பில் தொட்டான். பிறகு வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டுவிட்டான்.

ஒட்னிக்கு அந்தக் கிழங்கைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பரிசு என்ன என்று அப்போதே முடிவாகிவிட்டது. அதை எப்படி வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேரே பாலத்தைத் தாண்டி நடந்தாள்.

தோர்லைவ் தனிக்கட்டை, அறுபதைத் தாண்டியவன். உதட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டணம். விறகு பிளந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு, ஹால்வர் பொண்டாட்டியா? வழி தவறிட்டியா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். காபி குடுப்பியா, வாசல்லயே நிக்க வைப்பியா?"

காபி கொடுத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. "எங்க ஈஸ்ட் உன்கிட்ட இருக்கா?"

"என் ஈஸ்ட் இருக்கு. ஒரு காலத்துல உங்க வீட்ல இருந்து வந்தது."

"உயிரோட இருக்கா?"

"என்னைவிட நல்லா இருக்கு."

அப்போது சொன்னாள். கிறிஸ்துமஸ், புளிப்பு, பனியில் ஊற்றியது, சோபா எல்லாம். தோர்லைவ் கேலி செய்வான் என்று தயாராக வந்திருந்தாள். அவனோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அதான் சத்தமே காணோம்" என்றான். "எனக்குக் கேக்கக் கூடாதுன்னு கத்தாமக் காய்ச்சுறான்னு நெனச்சேன்."

"கத்தாமக் காய்ச்சுவானா அவன்?"

"அதானே. எனக்கும் அது இடிச்சுது."

"கொஞ்சம் குடு தோர்லைவ். பொறந்தநாளுக்குப் பரிசா குடுக்கணும்."

"முடியாது."

"என்னது?"

"ஈஸ்ட்டு பரிசா குடுக்குற சாமானா? காய்ச்சுறவன் வந்து கேக்கணும். அவன் வரட்டும், கேக்கட்டும், ஜாடியோட தர்றேன்."

"அவன் செத்தாலும் வரமாட்டான்."

"நானும் செத்தாலும் கொண்டுபோய்க் குடுக்கமாட்டேன்."

"ரெண்டு பேரும் நல்லா சாவுங்க. நடுவுல ஈஸ்ட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

தோர்லைவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். "நான் அவனைப் பாராட்டினேன், தெரியுமா உனக்கு? அன்னைக்கு அந்தப் பீர் என்ன தெளிவு! கிண்ணத்தோட அடி தெரிஞ்சுது. எங்க யாருக்கும் அப்படி வராது. அந்தத் தெளிவைத்தான் சொன்னேன்."

"அதுக்குக் கடைப் பீர்னா சொல்லுவாங்க?"

"வாய்ல வந்துடுச்சு."

"அப்புறம் போய்ச் சொல்லியிருக்கலாமே."

"அவன்தான் தரையில ஊத்தினானே. நான் குடிச்ச கிண்ணத்தை."

இரண்டு பேருமே சரியான கட்டைகள் என்று ஒட்னிக்குத் தோன்றியது. நனைந்த கட்டைகள், எரியவும் எரியாது, நகரவும் நகராது. காபி ஆறிக்கொண்டிருந்தது. சலவை அறையில் நின்று நின்று கால் கடுத்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாய் வேறு சொன்னது.

"காய்ச்சுறவங்க கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. அதானே முறை?"

"அதான் முறை."

"அப்போ நான் காய்ச்சுறேன். நான் கேக்குறேன். குடு."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? இத்தனை வருஷமாத் தொட்டி கழுவினது யாரு? ஜூனிப்பர் கிளை வெட்டினது யாரு? அவன் பாடிக்கிட்டு நிப்பான், அடுப்பைப் பாத்தது யாரு?"

"எங்க காய்ச்சுவ? அவன் மூக்குக்கு முன்னாலயா?"

"இங்க. உன் கொட்டகையில."

இந்த முறை தோர்லைவ் சிரிப்பை அடக்கவில்லை. புகையிலைப் பொட்டணத்தை விழுங்கப் பார்த்து, இருமி, மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை கூடுதல் வேலை என்று ஹால்வரிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஊசி ஊசியாய் இலை விட்ட ஜூனிப்பர் கிளைகளைக் கொப்பரையில் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். கொட்டகை முழுக்கக் காட்டு வாசனை. மரத்தொட்டியின் அடியில் கிளைகளைப் பரப்பி, மேலே முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றினாள். தோர்லைவ் பக்கத்தில் நின்று, கிளை ஜாஸ்தி என்றான், தண்ணீர் கம்மி என்றான்.

"கையைப் பாக்கெட்ல போடு" என்றாள்.

"என் கொட்டகை இது."

"என் பீர். போடு."

போட்டுக்கொண்டான். இனிப்புச் சாறு குழாய் வழியே இறங்கியது. அதைத் திரும்பக் கொப்பரையில் ஊற்றி, சிவந்து கருக்கிற வரை காய்ச்சினாள். நனைந்த போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்துப் பழகிய தோள் அது. வாளிகள் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எங்கே அடுப்பைக் குறைக்க வேண்டும், எப்போது கிளற வேண்டும் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் ஆனபோது தன் முதுகு வலிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். ஓகோ, இதுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

சாறு ஆறியது. முழங்கையை விட்டுப் பார்த்தாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு. ஹால்வர் ஈஸ்ட் போடுகிற சூடு. தோர்லைவ் ஜாடியைக் கொண்டுவந்து திறந்தான். ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆவி போகக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் வழியே ஆறும், அந்தப் பக்கம் தன் வீட்டுக் கூரையும் தெரிந்தன.

"ஊத்து. கத்து" என்றான் தோர்லைவ்.

"வெக்கமா இருக்கு."

"கத்தாமப் போட்டா மாட்டுக்குத்தான் ஊத்தணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

ஒரு சத்தம் போட்டாள்.

"இதென்ன இது? கோழிகூட இதைவிட நல்லாக் கத்தும்."

ஒட்னி ஜாடியைத் தூக்கிப் பிடித்தாள். சோபாவை நினைத்தாள். தட்டில் கிடந்த கிழங்கை நினைத்தாள். எவர்சில்வர் பானையையும், கொம்பு வைத்த தலைக்கவசத்தையும், இந்த இரண்டு கட்டைகளையும், மூட்டை மூட்டையாக வந்து குவிகிற படுக்கை விரிப்புகளையும் நினைத்தாள். ஈஸ்ட் தொட்டியில் விழுந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பிய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தோர்லைவின் நாய் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"யம்மா" என்றான் தோர்லைவ், காதைத் தேய்த்தபடி. "இதுக்கு உன் புருஷனே தேவலை."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹால்வர் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்று கழன்றிருந்தது. தன் மனைவி கத்தி அவன் கேட்டது வாழ்க்கையில் ஒரே தடவை, மகள் பிறந்த அன்று. மறக்கிற குரலா அது? சலவை அறையில் இருக்க வேண்டியவளின் குரல் தோர்லைவ் வீட்டிலிருந்து வந்தால் ஒரு மனிதன் என்னதான் நினைப்பான்?

கொட்டகையில் இருந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது ஆரஞ்சு விளக்கு. பாலத்தின் மேல் சுழன்று சுழன்று வந்தது. பனியே விழாத அக்டோபரில், முன்னால் பனி தள்ளும் தகட்டோடு, சாலைத்துறை லாரி பாதையில் ஏறி வந்தது. வருஷக்கணக்காக வெளிக்கதவோடு திரும்பிப் போன லாரி, கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஹால்வர் குதித்தான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் காலுறை, கையில் கடப்பாரை.

"என்னடா பண்ணின அவளை?"

"நானா?" என்றான் தோர்லைவ், பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே. "அவதான் காலையில இருந்து என்னைப் படுத்திக்கிட்டிருக்கா."

ஹால்வர் மனைவியைப் பார்த்தான். முகமெல்லாம் கரி, முடியெல்லாம் ஆவியில் சுருண்டு, கையில் காலி ஜாடி. அடிபடவில்லை. எரிந்து போகவில்லை.

"நீயா கத்தின?"

"நான்தான்."

"உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு…" மூச்சு வாங்கியது. அந்த மூச்சோடு வாசனையும் உள்ளே போனது.

கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது. ஒரு பூட்ஸும் ஒரு காலுறையுமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தான். குனிந்து முகர்ந்தான். சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையை உள்ளே விட்டான். ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் கடைசியில்.

"ஜாஸ்தி இல்லை. நீ போடுற சூடுதான்."

"ஆமா" என்றான். கையை வெளியே எடுத்தான். "நான் போடுற சூடுதான்."

"பொறந்தநாள் வரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் ஒட்னி. "இப்படி ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிற."

"ஊரைக் கூட்டினது நானா, நீயா?"

தோர்லைவ் தொண்டையைச் செருமினான். ஒட்னி திரும்பி அவனைப் பார்த்தாள். சொல்லு என்று கண்ணாலேயே தள்ளினாள்.

"தெளிவைச் சொன்னேன் ஹால்வர்" என்றான் அவன். "அன்னைக்கு. பீர் தெளிவா இருந்துச்சு. அதைச் சொன்னேன்."

ஹால்வர் முழங்கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "தெளிவுன்னா தெளிவுன்னு சொல்லணும்" என்றான்.

"சரி."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் போகும்போது ஹால்வர் வெறும் காலுறையோடு இருந்த காலில் தோர்லைவின் பூட்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். தோர்லைவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விருந்துக்கு முந்தின நாள் பீப்பாய் அதே லாரியில், அதே ஆரஞ்சு விளக்கு சுழல, நடை வேகத்தில் பாலத்தைத் தாண்டியது. மறுநாள் ஹால்வரின் கொட்டகை நிரம்பிவிட்டது. மகள் வந்திருந்தாள், சாலைத்துறை ஆட்கள் வந்திருந்தார்கள், மேல்பண்ணைக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசல் ஓரத்தில் தோர்லைவ், சவரம் செய்த முகத்தோடு. முதல் கிண்ணம் விருந்துக்குரியவனுக்கு. ஒட்னி அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள். இத்தனை கண்களுக்கு முன்னால் அவளுடைய பீர் நிற்பது இதுதான் முதல் தடவை.

ஹால்வர் குடித்தான். கண்ணை மூடினான். திரும்பவும் குடித்தான். பிறகு கண்ணைத் திறந்து, கூட்டத்துக்கு மேலாகத் தோர்லைவை நேராகப் பார்த்துச் சொன்னான்:

"நல்லாருக்கு. கடைப் பீர் மாதிரி இருக்கு."

எல்லாத் தலைகளும் வாசல் ஓரத்துக்குத் திரும்பின. தோர்லைவிடமிருந்துதான் முதல் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு யார் சிரிப்பு எது என்று தெரியவில்லை.

"அப்போ கடைக்கே போ" என்று ஒட்னி கிண்ணத்தைப் பிடுங்கப் போனாள். அவன் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்து முடித்தான். குடித்த பிறகு கிண்ணத்தின் அடியை அவளுக்குக் காட்டினான், ஒரு சொட்டு இல்லை.

எல்லாரும் போன பிறகு அவள் பரிசை எடுத்துவந்தாள். பீப்பாய்க்கு மாற்றும்போது தொட்டியின் அடியில் படிந்திருந்த ஈஸ்ட், ஒரு ஜாடி நிறைய, கழுத்தில் சிவப்பு நாடா கட்டி.

ஹால்வர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இது என்னோடது இல்லை. நீ கேட்டு வாங்கின, நீ காய்ச்சின. உன்னோடது."

"பரிசுடா, வாங்கு."

"ஈஸ்ட்டு பரிசா குடுக்குற சாமானா?" தோர்லைவ் பேசுகிற மாதிரியே சொன்னான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, பக்கத்துப் பண்ணைக்காரன் வாசலில் வந்து நிற்பது போல நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கேக்குறேன் ஒட்னி. உன் ஈஸ்ட்ல கொஞ்சம் குடு. காய்ச்சணும்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"நீ காய்ச்சுறவன்தானா? பாத்தாத் தெரியலையே. கத்தத் தெரியுமா உனக்கு?"

ஹால்வர் வாயைத் திறந்தான். இந்த முறை ஒட்னி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோர்லைவின் நாய் குரைத்தது.